மதுரையில் தை வீதி இல்லை

போன மாதம் ஒஸ்லோவில், ட்வெய்ட்டாவில் நடந்த பிறந்தநாள் விழாவில் என்னோடு ஒரே மேசையில் இருந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். கேக் வெட்டுவதற்கு முன்பே பேச்சு மதுரைக்குப் போய்விட்டது. நாற்பதைத் தாண்டிய வயதில் எங்கள் எல்லோருக்கும் ஒரே ஆசை பிடித்திருக்கிறது. பிள்ளைகள் படித்து முடித்ததும் பனிக்காலத்தை மதுரையில் கழிப்பது, பிடித்துப்போனால் அங்கேயே இருந்துவிடுவது. ஒருவர் கைத்தொலைபேசியில் தன் கணக்குத் தாளைத் திறந்து காட்டினார். வாடகை, மின்சாரம், மருத்துவக் காப்புறுதி, சமைக்க வருகிற அம்மா, கோயிலுக்குப் போக ஆட்டோ என்று ஒவ்வொரு வரிக்கும் ஒவ்வொரு நிறம் தீட்டியிருந்தார். "உன்ரை தாளையும் காட்டன்" என்று என்னைக் கேட்டீர்கள். நான் ரோல்ஸை வாயில் போட்டுக்கொண்டு தப்பிவிட்டேன்.

என்னிடமும் ஒரு தாள் இருக்கிறது. அதை ஏன் காட்டவில்லை என்று சொல்வதானால், எங்கள் வீட்டில் முன்பு ஒருமுறை போட்ட மதுரைக் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும்.

நாளைச் சரிபார்க்காமல் நான் எதையும் எழுதுவதில்லை. அதற்காக என்னை நீங்கள் கேலி செய்வதும் உண்டு. இந்தக் காலத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. லில்லஹாமரில் குளிர்கால ஒலிம்பிக் நடந்த 1994ஆம் ஆண்டு. முந்திய இலையுதிர்காலப் பள்ளி விடுமுறையில் தொடங்கிய விஷயம், விளையாட்டுகள் ஆரம்பிப்பதற்கு முன்பே முடிந்துவிட்டது. அந்த ஆண்டு தைப்பொங்கல் ஒரு வெள்ளிக்கிழமை. பழைய பஞ்சாங்கத்தையும் தேடிப் பார்த்துவிட்டேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. தங்கைக்கு ஐந்து நடந்துகொண்டிருந்தது. ஒஸ்லோவின் ரொம்மன் பகுதியில் ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் குடியிருந்தோம். சமையலறை யன்னலால் எட்டிப் பார்த்தால் ரி-பானே ரயில் நிலையம் தெரியும். நிலையத்துப் படிகளுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புத் தொலைபேசிக் கூண்டு. அப்பா பாண் சுடுகிற தொழிற்சாலை ஒன்றில் விடியற்கால வேலை. அம்மா முதியோர் இல்லம் ஒன்றின் சலவைப் பகுதியில் அரைநாள் வேலை.

எல்லாவற்றுக்கும் என் கனவுதான் காரணம். வேலைக்குப் புறப்பட்ட அப்பா எங்கள் அறை வாசலில் நின்று கேட்டிருக்கிறார். மத்தியானம் வந்ததும் அம்மாவிடம் முறையிட்டார்.

"இவள் நித்திரையிலை ஆரோடையோ சண்டை பிடிக்கிறாள். முழுக்க நொர்ஸ்க். ஒரு சொல்லுத் தமிழ் இல்லை."

"கனவுதானே. பள்ளிக்கூடத்துப் பிள்ளையளோடை சண்டை பிடிச்சிருப்பாள். அதுகளுக்குத் தமிழிலை ஏசினால் விளங்குமோ?"

"கனவிலையும் தமிழ் இல்லையெண்டால், பிறகு எங்கை இருக்கும்?"

அன்றிரவு, தமிழில் கனவு வர வேண்டும் என்று பிள்ளையாரை வேண்டிக்கொண்டு படுத்தேன். கனவே வரவில்லை.

ஊருக்கு, யாழ்ப்பாணத்துக்கு, போக வழியில்லை. போர் நடந்துகொண்டிருந்தது. ஆனால் நோர்வேக்கு வருவதற்கு முன்னால் அப்பா சில மாதங்கள் மதுரையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தார். வேலை இல்லை, கையில் காசும் இல்லை. பகல் முழுக்கத் தெருத்தெருவாக நடந்திருக்கிறார். மற்ற எதைப் பற்றியும் சுருக்கமாகப் பேசுகிற மனிதர், மதுரையைப் பற்றிப் பேசும்போது மட்டும் கைகளை அகல விரிப்பார். அந்த விடுமுறையில் ஒரு நாள், பெட்டி ஒட்டுகிற மண்ணிற ரேப்பை எடுத்து, விருந்தறைத் தரையில் மதுரையை ஒட்டினார்.

நடுவில் ஒரு சதுரம், கோயில். அதைச் சுற்றி ஆடி வீதி. அதைச் சுற்றிச் சித்திரை வீதி. பிறகு ஆவணி மூல வீதி, மாசி வீதி, எல்லாவற்றுக்கும் வெளியே வெளி வீதி. பெட்டிக்குள் பெட்டி வைத்தது போல ஒரு நகரம். மாதங்களைத் தெருக்களுக்குப் பெயராக வைத்த ஊர் ஒன்று இருக்கிறது என்று அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட குதூகலத்தை உங்களிடம் விளக்கத் தேவையில்லை. இன்றுவரை நாட்களோடு மாரடிக்கிறவள் நான். தங்கை ஒற்றைக் காலில் ஆடியிலிருந்து சித்திரைக்கும், சித்திரையிலிருந்து ஆவணிக்கும் தாவினாள். சோபாவின் ஒரு கால் மேல மாசி வீதியில் நின்றது.

திட்டம் இதுதான். அம்மாவும் தங்கையும் நானும் மதுரையில் வாடகை வீட்டில் இருப்போம். நாங்கள் இருவரும் அங்கே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிப்போம். அப்பா ஒஸ்லோவில் தொடர்ந்து வேலை செய்து காசு அனுப்புவார். வருடத்துக்கு ஒருமுறை வந்து எங்களைப் பார்ப்பார். கோடை விடுமுறை தொடங்கியதும் பயணம். அந்தக் காலத்தில் இது விசித்திரமான யோசனை அல்ல. அப்படிப் பிரிந்திருந்த குடும்பங்களை நீங்களும் அறிவீர்கள்.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை என்பது எனக்கும் தெரியும், தங்கைக்கும் தெரியும். அவர் சண்டை போடவில்லை. சலவை மடித்துக்கொண்டு ஒருமுறை மட்டும் சொன்னார்.

"மூண்டு வருசம் நான் ரெலிபோனோடைதான் குடும்பம் நடத்தினனான். அது காணாதோ?"

அந்த மூன்று வருடம் எங்கள் வீட்டில் ஒரு பகிடியாக மாறியிருந்தது. நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா புறப்பட்டுவிட்டார். அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு யாழ்ப்பாணப் பட்டணத்துத் தொலைபேசிக் கடைக்குப் போய், அப்பா அங்கிருந்து அழைப்பு எடுக்கும்வரை காத்திருப்பார். நான் பேசத் தொடங்கியதும் எனக்கு ஒரு பாடம் சொல்லித் தந்தார். "வணக்கம். சுகமா இருக்கிறியளோ? நான் நல்லாப் படிக்கிறன். எல்லாரையும் கேட்டதாச் சொல்லுங்கோ. இந்தாங்கோ, அம்மாட்டைக் குடுக்கிறன்." உங்கள் எல்லோருக்கும் இந்தப் பாடம் தெரியும். கனடாவில், லண்டனில், ஜெர்மனியில் இருக்கிற முகம் தெரியாத மாமாமாருக்கும் சித்திமாருக்கும் நாங்கள் ஒப்பித்தது இதைத்தான்.

நாலு வயதில் ஒஸ்லோ விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது, அம்மா ஒரு மனிதரைக் காட்டி "அப்பா" என்றாராம். நான் கைகூப்பி, "வணக்கம். சுகமா இருக்கிறியளோ? நான் நல்லாப் படிக்கிறன்" என்று தொடங்கி, "இந்தாங்கோ, அம்மாட்டைக் குடுக்கிறன்" என்று அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து அவர் முன்னால் விட்டேனாம். எந்த விருந்திலும் அம்மா இதைச் சொல்லாமல் விடமாட்டார். கேட்கிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அப்பா அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் குடிக்க எழுந்து போவார். அவர் இந்தக் கதைக்குச் சிரித்து நான் பார்த்ததில்லை. அதை நான் கவனித்ததே பின்னால்தான்.

கணக்குப் பார்க்க உதவ ஓர் ஆள் கிடைத்தார். குறொன்லாண்ட் பகுதிக் கடை ஒன்றில் கறிவேப்பிலைக் கட்டுகளை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் மதுரைக்காரர் என்று தெரிந்ததும் அப்பா அவரைக் கையோடு வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர். எங்களுக்கு அவர் மதுரை மாமா. சனிக்கிழமைதோறும் சோற்றுக்கு வருவார். தரையில் இருந்த வரைபடத்தைப் பார்த்ததும் முழங்காலில் நின்று, மேல மாசி வீதியைக் கொஞ்சம் நகர்த்தி ஒட்டினார். சோபாவும் நகர்ந்தது.

அப்பா கட்டம் போட்ட பள்ளிக்கூடத் தாளில் எழுதிய செலவுக் கணக்கைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தார். மதுரை மாமா கையில் கோப்பியோடு அதைப் பரீட்சைத் தாள் போலப் பார்ப்பார்.

"அண்ணே, அட்வான்ஸ் போடலையே?"

"அதென்ன?"

"வீட்டுக்காரங்களுக்கு. பத்து மாச வாடகைய முன்னாடியே குடுத்துரணும்ணே. காலி பண்றப்ப திருப்பிக் குடுப்பாங்க."

"பத்து மாதமோ! நாங்கள் வீட்டை வாங்கவோ போறம்?"

"வெள்ளையடிக்கன்னு அதுலயும் கொஞ்சம் பிடிச்சுக்குவாங்க."

"என்ரை பிள்ளையள் வீட்டைப் பழுதாக்காதுகள்."

மதுரை மாமா தரையைப் பார்த்தார். கோப்பியைக் குடித்தார்.

அடுத்த சனிக்கிழமை தாளில் தண்ணீர் லொறி வந்தது. "கார்ப்பரேஷன் தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள்தாண்ணே." அதற்கடுத்த வாரம் பள்ளிக்கூட நன்கொடை, சீருடை, ரிக்‌ஷா. "வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டுன்னா போலீஸ்ல பதியணும், அதுக்கும் அலையணும்." ஒவ்வொரு வாரமும் தாளின் அடியில் ஒரு வரி கூடியது. அப்பா சளைக்கவில்லை. கூடின தொகையை எங்கேயாவது வெட்டிச் சமன் செய்வார். ஆனால் வெட்டு ஒரே இடத்தில்தான் விழுந்தது. மேலே இருந்து நாலாவது வரி: "நான், ஒஸ்லோ." அழித்து அழித்து எழுதியதில் அந்த இடத்தில் தாள் பஞ்சு போலாகிவிட்டது.

மார்கழி மாதம் ஒரு சனிக்கிழமை, மதுரை மாமா போன பிறகு, அம்மா அந்த வரியில் விரலை வைத்தார்.

"இஞ்சேருங்கோ, இது ஒரு கிழமைக்கோ, ஒரு மாதத்துக்கோ?"

"மாதத்துக்கு."

"இதிலை எப்பிடிச் சீவிப்பியள்?"

"எனக்கென்ன, நான் ஒரு ஆள். ட்வெய்ட்டாவிலை பெடியள் சேர்ந்து இருக்கிற வீட்டிலை ஒரு கட்டில் எடுப்பன். முட்டையும் பாணும் காணும்."

"ஒரு ஆளெண்டால் வயிறு இல்லையோ?"

"முந்தி இருந்தனான்தானே!"

அம்மா அந்த வரியிலிருந்து விரலை எடுத்தார். பிறகு, வாழ்நாளில் அவர் போட்ட மிகத் துணிச்சலான நிபந்தனையைச் சாதாரண குரலில் போட்டார்.

"அப்ப இருந்து காட்டுங்கோ. தை மாதம் முழுக்க. இந்தக் காசிலை. இருந்திட்டியளெண்டால் நான் வாய் திறக்காமல் போறன்."

எங்கள் வீட்டில் ஜனவரிக்குத் தை என்றுதான் பெயர். நாட்காட்டிக்காரி நான் எத்தனை முறை திருத்தினாலும் எடுபடவில்லை.

அப்பாவுக்கு ரோசம் வந்துவிட்டது. புதுவருடம் பிறந்ததும் சாமான் அறைக்குக் குடிபெயர்ந்தார். நோர்வே வீடுகளில் பூட் என்று ஒரு யன்னலில்லாத சின்ன அறை இருக்கும் அல்லவா, அதுதான். பனிச்சறுக்குக் கட்டைகளையும் சூட்கேசுகளையும் ஒருபக்கம் ஒதுக்கிவிட்டு மெத்தையை விரித்தார். குறொன்லாண்டில் வாங்கிய ஒற்றை மின்னடுப்பை அங்கே வைத்தார். குளிர்பெட்டியில் அவருக்கு ஒரு தட்டு. எங்களோடு மேசையில் சாப்பிடக் கூடாது. எங்களோடு கதைக்கவும் கூடாது, ஏனென்றால் நாங்கள் மதுரையில் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மட்டும் நிலையத்துக் கூண்டுக்குப் போய் நாணயம் போட்டு எங்களைக் கூப்பிடலாம். ரொம்மனிலிருந்து ரொம்மனுக்குப் பேச அதிகம் செலவில்லைதான். ஆனால் அப்பா நேர்மையானவர். மதுரைக்குப் பேசினால் அந்தக் காசுக்கு எவ்வளவு நேரம் கிடைக்குமோ, அவ்வளவு நேரத்தில் மணிக்கூட்டைப் பார்த்துத் துண்டித்துவிடுவார்.

எனக்கும் தங்கைக்கும் அது ஒரு பெரிய விளையாட்டு. பூட் கதவுக்கு அடியால் வருகிற மணத்தை வைத்து அப்பா என்ன சமைக்கிறார் என்று பந்தயம் பிடிப்போம். பெரும்பாலும் ரின்னில் அடைத்த மீனில் சம்பல். ஒருநாள் அம்மா பாரை மீன் குழம்பு வைத்தார். வேண்டுமென்றேதான் வைத்தார். அப்பா தண்ணீர் எடுக்கிற சாட்டில் சமையலறைக்கு வந்து, சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரு துண்டு..." என்றார், சுவரைப் பார்த்து.

"மதுரையிலையிருந்து குழம்பு பறந்து வருமோ?" என்றார் அம்மா, அதே சுவரைப் பார்த்து.

இரண்டாவது ஞாயிறு கீழ்வீட்டு நோர்வீஜியப் பெண்மணி கதவைத் தட்டினார். தனியாக வாழ்ந்த வயதான மனுஷி. குரலைத் தாழ்த்தி, உங்கள் கணவர் பனிக்குள் கூண்டில் நின்று பேசுவதைப் பார்த்தேன், தொலைபேசியை வெட்டிவிட்டார்களா, கட்டணம் கட்ட முடியவில்லை என்றால் வெட்கப்படாமல் என் வீட்டுக்கு வாருங்கள் என்றார். அம்மா என்னைப் பார்த்தார். நான்தான் வீட்டு மொழிபெயர்ப்பாளர். "அப்பா இந்தியாவில் இருக்கிற எங்களோடு பேசுகிறார்" என்று உண்மையையே சொன்னேன். அந்த அம்மா, ரொம்மனில் தன் முன்னால் காலுறையோடு நின்ற எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். மறுநாள் வாசலில் ஒரு அப்பிள் கேக் இருந்தது.

அம்மா வயிற்றை நம்பித்தான் அந்த நிபந்தனையைப் போட்டார் என்று இப்போது விளங்குகிறது. நாலு நாளில் அப்பா தட்டை ஏந்திக்கொண்டு வந்துவிடுவார் என்று நினைத்திருக்கிறார். அது பிழைத்த கணக்கு. அப்பா பசி பழகிய மனிதர். முகம் கொஞ்சம் ஒடுங்கியது, ஆனால் நடை மிடுக்காகிவிட்டது. தனக்கு ஒதுக்கிய காசிலும் மிச்சம் பிடித்து, ஜாம் போத்தல் ஒன்றில் நாணயங்களைப் போட்டு, எங்களுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகவே குலுக்குவார். அம்மா இரவில் கதவுகளை அடித்துச் சாத்தத் தொடங்கினார். அவர் தோற்றுக்கொண்டிருந்தார். தோற்றால் நாங்கள் போக வேண்டும்.

பொங்கலன்று மதுரை மாமா புது வேட்டிக்கு மேல் பனிக்கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். புதுவருடத்துக்குப் பிறகு அவர் வருவது அதுதான் முதல் தடவை, இந்த ஒத்திகையைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. அம்மா ஒரு பிளாஸ்ரிக் பெட்டியில் பொங்கலை வைத்து, மேலே முந்திரிப்பருப்பை அடுக்கி, "மதுரையிலையிருந்து பார்சல் வந்திருக்கெண்டு குடு" என்று என்னிடம் தந்தார். நான் பூட் கதவைத் தட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

"அக்கா, அண்ணன் எதுக்கு ஸ்டோர் ரூம்ல உக்காந்து சாப்பிடறாரு?"

"அவர் ஒஸ்லோவிலை இருக்கிறார், தம்பி."

"அப்ப நாம?"

"நாங்கள் உங்கடை ஊரிலை."

மதுரை மாமாவுக்கு முழுவதும் விளக்கியபோது அவர் சிரிக்கவில்லை. கையில் இருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டார். பத்து மாத அட்வான்ஸும் தண்ணீர் லொறியும் அந்த நேரம் அவருக்கு ஞாபகம் வந்திருக்கலாம்.

அவரைத் தேற்றுவதற்காக, பல நாளாக மனதில் வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன். "மாமா, மதுரையிலை ஆடி இருக்கு, சித்திரை இருக்கு, ஆவணி, மாசி எல்லாம் இருக்கு. தை வீதி ஏன் இல்லை?"

அவர் யோசித்தார். "தை மாசம் பொங்கலுக்கு எல்லாரும் அவங்கவங்க வீட்டுக்குப் போயிருவாங்க, பாப்பா. அப்புறம் தெருவுல யார் இருக்கா?"

அது சரியான விடையல்ல என்பது எனக்கு அப்போதே தெரியும். பின்னாளில் திருவிழாக்களையும் தேரோடும் வீதிகளையும் பற்றி நிறைய வாசித்திருக்கிறேன். ஆனாலும் எனக்குப் பிடித்த விடை அதுதான். அன்று பின்னேரம் பூட் வாசலுக்குப் போகிற நடைவழியில் ஒரு நீளத் துண்டு ரேப்பை ஒட்டி, மேலே பேனாவால் "தை வீதி" என்று எழுதினேன். அப்பா குளியலறைக்குப் போகும்போது அதை வாசித்துவிட்டு, மிதிக்காமல் கடந்து போனார். கதைக்கக் கூடாது என்பது சட்டம் அல்லவா.

இரண்டு நாள் கழித்து ஞாயிறு. பனி கொட்டிக்கொண்டிருந்தது. வழக்கமான நேரத்துக்குத் தொலைபேசி அடித்தது. சாம்பல் நிறக் கருவி, சுருண்ட நீளமான வயர். நான் எடுத்து, பள்ளியில் பனிச்சறுக்கு நாள் வருகிறது, கட்டைகள் பூட் அறைக்குள் உங்களோடு இருக்கின்றன என்று சொன்னேன். "கதவடியிலை வைச்சு விடுறன்" என்றார் அப்பா. பிறகு, "தங்கச்சியைக் கூப்பிடு."

தங்கை சித்திரை வீதியில் ஒற்றைக் காலில் நின்றிருந்தாள். அம்மா கூப்பிட்டதும் ஓடி வந்து, தொலைபேசி வாங்கியை இரண்டு கையாலும் பிடித்து, முதுகை நிமிர்த்தினாள். அவளுடைய குரல் மாறியது. கனடாவுக்கும் ஜெர்மனிக்கும் பேசுகிற குரல்.

"வணக்கம். சுகமா இருக்கிறியளோ? நாங்கள் எல்லாரும் சுகம். நான் நல்லாப் படிக்கிறன். எல்லாரையும் கேட்டதாச் சொல்லுங்கோ. இந்தாங்கோ, அம்மாட்டைக் குடுக்கிறன்."

கொடுத்துவிட்டுச் சித்திரை வீதிக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

அம்மா வாங்கியைக் காதில் வைத்தார். "ஹலோ?" என்றார். "இஞ்சேருங்கோ? ஹலோ?"

நான் யன்னலுக்கு ஓடினேன். கூண்டுக்குள் விளக்கு எரிந்தது. அப்பா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வாங்கி காதில்தான் இருந்தது. மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. ரயில் ஒன்று வந்து நின்று போனது. இறங்கியவர்கள் கூண்டைத் தாண்டி நடந்தார்கள். அவர் அப்படியே நின்றார்.

"கதைக்கிறாரோ?" என்று கேட்டேன்.

அம்மா வாங்கியைக் கையால் பொத்தினார். "இல்லை. காசு போடுற சத்தம் மட்டும் கேக்குது."

ஜாம் போத்தலைக் கொண்டுதான் போயிருந்தார் போலும். ஒன்றும் பேசாமல், இணைப்பு அறுந்துவிடாதபடி, நாணயங்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே நின்றார். அம்மாவும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கையை எடுத்துவிட்டு, மெதுவாக, "வாங்கோ" என்றார். "சோறு ஆறுது."

அப்பா வந்து சப்பாத்தைக் கழற்றாமல் விருந்தறை வாசலில் நின்றார். தோளில் பனி. அம்மா அதற்கு ஏசவில்லை. அப்பா தங்கைக்கு எதிரே குந்தி இருந்து கேட்டார்.

"நான் ஆர்?"

"அப்பா."

"இப்ப ரெலிபோனிலை கதைச்சது?"

தங்கைக்குக் கேள்வி விளங்கவில்லை. இவ்வளவு சுலபமான விஷயத்தைக் கேட்கிறாரே என்பது போலப் பார்த்தாள்.

"அது அங்கை இருக்கிற அப்பா."

மேசையில் நாலு சோற்றுக் கோப்பைகள் இருந்தன. அப்பா தன் பழைய கதிரையில் உட்கார்ந்தார். அம்மா முதலில் அவருக்குத்தான் போட்டார். யாரும் எதையும் பேசித் தீர்க்கவில்லை. அப்பா இரண்டாம் முறை சோறு கேட்டார், அவ்வளவுதான். சாப்பிட்டு முடித்ததும் குளிர்பெட்டிக் கதவில் இருந்த தாளைக் கழற்றி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு தரையில் உட்கார்ந்து, வெளி வீதியிலிருந்து உள்நோக்கி ரேப்பை உரிக்கத் தொடங்கினார். மாசி போனது, ஆவணி போனது. சித்திரைக்கு வந்தபோது தங்கை அதன்மேல் குப்புறப் படுத்து அழுதாள். அவளுடைய விளையாட்டு அல்லவா. அவளுக்காகச் சித்திரையையும் ஆடியையும் விட்டுவிட்டார். நான் நடைவழிக்குப் போய் என் துண்டை உரிக்கக் குனிந்தேன்.

"அதை விடு" என்றார் அப்பா. "அது இஞ்சத்தை வீதி."

அந்த வீட்டைவிட்டு நாங்கள் போனபோது ரேப் எப்போதோ தேய்ந்துவிட்டிருந்தது. பசை இருந்த இடத்தில் அழுக்கு ஒட்டி, கறுத்த கோடு மட்டும் கிடந்தது. அதை ஒரு படம் எடுத்து வைத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. எத்தனையோ தேவையில்லாத படங்கள் இருக்கின்றன.

சில வருடங்கள் கழித்து ஒரு கோடை விடுமுறையில் நாலு பேருமாக மதுரைக்குப் போனோம். ஊருக்குத் திரும்பியிருந்த மதுரை மாமாவே வந்து கூட்டிப் போனார். சித்திரை வீதியில் தங்கை ஒற்றைக் காலில் தாவ முயன்று ஒரு பூக்காரியிடம் ஏச்சு வாங்கினாள். என் தமிழுக்கு ஒன்றும் ஆகவில்லை, பார்க்கிறீர்கள்தானே. நான் இப்போது எந்த மொழியில் கனவு காண்கிறேன் என்று தெரியாது. இரண்டு மொழியிலும் சண்டை பிடிக்கிறேன் என்று கணவர் சொல்கிறார்.

சரி, என் தாளுக்கு வருகிறேன். பிறந்தநாள் விழாவுக்கு முந்திய வாரம் அம்மா அப்பா வீட்டுக்குப் போனபோது, பெருமையோடு மடிகணினியைத் திறந்து அப்பாவிடம் காட்டினேன். எனக்கும் கணவருக்கும் மதுரையில் ஆறு மாதம். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே விரலால் தடவித் தடவி வாசித்தார்.

"அட்வான்ஸ் போட்டிருக்கிறாய். நல்லது."

"மதுரை மாமா படிப்பிச்சதுதானே."

"தண்ணி?"

"போட்டிருக்கு."

மறுபடி மேலே போனார். நாலாவது வரியில் அவருடைய விரல் நின்றது. என் தாளில் அந்த இடத்தில் மின்சாரம் இருந்தது.

"எல்லாம் வடிவாப் போட்டிருக்கிறாய். இஞ்சை இருக்கிறவைக்கு என்ன போட்டிருக்கிறாய்?"

"ஆர் இஞ்சை இருக்கினம் அப்பா? பிள்ளையள் அப்ப படிச்சு முடிச்சிடுவினம்."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சமையலறையிலிருந்து அம்மாவின் குரல்தான் வந்தது.

"இவள் கேக்கிற கேள்வியைப் பாருங்கோ. முதல் ஒரு தை மாதம் இருந்து காட்டச் சொல்லுங்கோ, அந்த பூட் அறைக்குள்ளை!"

அதனால்தான் நண்பர்களே, நான் அன்றைக்குத் தாளைக் காட்டவில்லை. மின்சாரத்துக்கு மேலே, இங்கே தனித்து இருக்கப்போகிற அந்த இரண்டு பேருக்குமாக ஒரு வரியைச் செருகி வைத்திருக்கிறேன். அதற்கு என்ன பெயர் வைப்பது, என்ன தொகை போடுவது என்று இன்னும் தெரியவில்லை. நிறமும் தீட்டவில்லை.

அம்மா அப்பா வீட்டிலிருந்து அன்று புறப்படும்போது வாசலில் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். அப்பா வழியனுப்ப வந்து பின்னால் நின்றார். திடீரென்று தொண்டையைச் செருமி, முதுகை நிமிர்த்தி, இரண்டு கையையும் கூப்பினார்.

"வணக்கம்" என்றார். "சுகமா இருக்கிறியளோ? நான் நல்லாப் படிக்கிறன்."

அம்மா உள்ளே விழுந்து விழுந்து சிரித்தார். அப்பாவும் சிரித்தார், வாழ்நாளில் முதல்முறையாக அந்தப் பகிடிக்கு. நான் கட்டி முடித்திருந்த மற்றச் சப்பாத்துக் கயிற்றையும் அவிழ்த்து, முதலிலிருந்து கட்டத் தொடங்கினேன்.